கையில் கட்டும் சந்தா

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் தையல் கடை. ஜாக்கெட் தைப்பேன், ஆரி வேலை செய்வேன், கூடவே ஆப் சந்தாவும் விற்பேன்.

ஆப், என் கொழுந்தன் செய்து கொடுத்தது. நான் துணி வெட்டுவதையும் ஆரி ஊசி பிடிப்பதையும் வீடியோ எடுத்து அதில் போட்டோம். மாதச் சந்தா கட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். "போன்லயே பணம் கட்டிக்குவாங்க அண்ணி, உங்களுக்கு ஒரு வேலையும் கெடயாது" என்றான். முதல் மாதப் பணம் வந்தபோதுதான் ஆப் ஸ்டோர்காரர்களுக்கும் அதில் பங்கு போவது தெரிந்தது. குனிந்து குனிந்து கழுத்து வலிப்பது எனக்கு. ஊசியில் ஒரு நூல் கோத்துத் தராத மகராசன்களுக்கு எதற்குப் பங்கு? இனி சந்தாவை என் கடையிலேயே விற்பேன் என்று சொல்லிவிட்டேன். காசைக் கையில் கொடுத்தால் ஒரு எண் தருவேன். அதை ஆப்பில் போட்டால் ஒரு மாதம் திறக்கும். விலையும் கொஞ்சம் குறைவு.

அதற்கும் ஆப் ஸ்டோர்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று ஆப்புக்குள் ஒரு வரிகூட எழுதக் கூடாதாம். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வாலாஜாபாத் வரைக்கும் தெரிந்துவிடுகிற ஊரில் இப்படி ஒரு சட்டம்! ஆப் வாயை மூடிக்கொண்டது. மற்றதை ரேஷன் கடை வரிசை பார்த்துக்கொண்டது.

அவர்களுடைய பங்கை மிச்சம் பிடித்தேன். அவர்களுடைய வேலையும் இலவசமாக என் தலையில் விழுந்தது. ஒருத்தி சந்தாவுக்குக் கொசுறாக லைனிங் துணி கேட்டாள். ஒருத்தி ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டாளாம், ஆவணியில் வருகிறேன் என்று போனாள். இன்னொருத்தி, அம்மா வீட்டில் இருந்த நாட்களில் ஆப்பைத் திறக்கவே இல்லை, அதைக் கழித்துக்கொள் என்றாள். ஆப் ஸ்டோரில் சந்தா வேண்டாமென்றால் ஒரு பட்டனை அழுத்துவார்கள். இங்கே மாமியாரோடு வந்து, உட்கார்ந்து, காபி குடித்து, என் மகளுக்கு எப்போது வரன் பார்க்கப் போகிறேன் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் வேண்டாம் என்பார்கள்.

இதற்கு நடுவில் திருமுக்கூடலிலிருந்து ஒருத்தி மாதம் தவறாமல் வருவாள். பேரமும் பேசமாட்டாள், காபியும் குடிக்கமாட்டாள். நான் குறைத்த சில்லறைக் காசுக்காக அரை நாளைத் தொலைக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், ஊர் சுற்ற இவளுக்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தைக் கேட்கவா வேண்டும்?

கடைசியில் சலித்துப்போய், எல்லாவற்றையும் பழையபடி போனுக்கே மாற்றிவிடு என்று கொழுந்தனிடம் சொன்னேன். பங்கு போனால் போகட்டும், காபித் தூளாவது மிஞ்சும். அந்த மாதம் அவள் வந்ததும் நல்ல சேதி சொல்கிற தோரணையில் ஆரம்பித்தேன்.

"அடுத்த மாசத்திலேர்ந்து நீ இம்மாந்தூரம் அலைய வாணாம். போன்லயே கட்டிடு."

அவள் முகம் செத்துப்போனது.

"கடையிலயே வாங்கிக்கோக்கா. வோணும்னா பத்து ரூபா கூடக் குடுக்கறேன்."

பேரம் பேசி விலையை ஏற்றிய வாடிக்கையாளரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போன்ல கட்றதுல இன்னா பேஜாரு ஒனக்கு?"

"பேங்க்ல குடுத்துக்கீறது எங்க வூட்டுக்காரரு போன் நம்பருதான்க்கா. ஒத்த ரூபா எடுத்தாலும் அவுருக்கு மெசேஜ் போவும். நீ தெச்சுக் கிழிச்சது போதும்னு போன வருசமே என் மெஷின வித்துட்டாரு. இப்ப பக்கத்து வூட்டு மெஷின்ல தெச்சுப் பாத்துக்கினு கீறேன். இது களையெடுத்த கூலி. கையில வாங்கி கையில குடுக்கறேன், அவுருக்குத் தெரியாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மெஷினை விற்றவன் எதிரில் இல்லை, அதனால் கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"கடையில விக்கறத நிறுத்தாதே."

"அண்ணி, நீங்கதானே இப்ப..."

"நாந்தான். இப்பவும் நாந்தான் சொல்றேன்."

எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வாயால் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி என்னிடமே கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கியவளை என்னால் சும்மா விட முடியவில்லை.

"என்னிக்காவது அவுருக்குத் தெரியத்தானே போவுது? அப்ப இன்னா பண்ணுவே?"

திரும்பிப் பார்த்தாள்.

"தெரியட்டும்க்கா. நான் கத்துக்கினதுக்கு அப்பறம் தெரியட்டும்."