சூடேறாத பெட்டி

ரொட்டிக் கடையில் அவரைத் தணல் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டுவார். கொஞ்சம் யோசிப்பார். "இன்னும் ஆகல" என்பார், இல்லாவிட்டால் "போடலாம்" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். சூட்டைக் காட்டுகிற முள் ஒன்று அந்த அடுப்பில் உண்டு. அது செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிறது. "தணல் இருக்கறப்போ முள் எதுக்கு?" என்று முதலாளி அதை மாற்றவே இல்லை.

விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர் மதியம் வீடு திரும்புவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேரே பின்னறைக்குள் நுழைந்துவிடுவார். தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறை அது. அதை ஒழித்துப் பாட்டுக் கேட்கிற அறையாக்கியிருந்தார். சுவரோரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் அவற்றுக்கு உயிர் கொடுக்கிற பழைய ஆம்பிளிஃபயர். கடவுளை நினைத்துப் பாடின பாட்டென்றால் அவருக்கு உயிர். நல்ல பாட்டைக் கண்மூடிக் கேட்பதும் ஒரு பிரார்த்தனைதானே.

வீட்டுக்காரம்மா ஆயத்த உடைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பவர். அந்த நேரத்துக்கு ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு அவரும் வந்து உட்கார்ந்துவிடுவார். பாடுகிறவர் உயரப் போய் அங்கேயே நின்றால், இந்த அம்மாவின் ஊசியும் பாதியில் நிற்கும். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச வேண்டியதைப் பாட்டு பேசிவிடும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு சங்கடம் வந்தது. ஐம்பதை நெருங்குகிற பெண்களுக்கு வருமே, திடீரென்று உடம்புக்குள் தீ மூட்டினதுபோல ஒரு சூடு, அது அந்த அம்மாவுக்கும் வந்தது. முகமும் கழுத்தும் வேர்த்துக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். பழைய ஆம்பிளிஃபயரோ பாட ஆரம்பித்தால் அனல் கக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துப் பட்டறையின் சுத்தியல் சத்தம். மின்விசிறியைப் போட்டால் பாட்டு அதிலேயே அடிபட்டுப் போகும். ஒருநாள் பாட்டுக்கு நடுவிலேயே அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"எனக்குள்ளயே ஒரு அடுப்பு எரியுது. கடையில ஒண்ணு, வீட்ல ஒண்ணுன்னு நீங்க ரெண்டு வெச்சிருக்கீங்க. இத்தனை அடுப்புக்கு நடுவுல நான் என்ன ரொட்டியா? நீங்களே கேளுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. தணலும் தனியாகக் கேட்டுப் பார்த்தார். உப்பில்லாத பண்டம்போல இருந்தது. பழைய ஆம்பிளிஃபயர் பெட்டி போனால் போகட்டும், அந்த அம்மா பழையபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று ஆண்டவனிடமே முறையிட்டுவிட்டு, சூடில்லாத பெட்டி பார்த்து வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்.

ஆம்பிளிஃபயர் விற்கிற கடையில் ஒரு அம்மா இருந்தார்.

"சூடு ஏறாத பெட்டியா ஒண்ணு வேணும்மா. சின்னதா இருக்கணும். ஆனா பாட்டு மட்டும் சின்னதாயிடக் கூடாது."

"வர்றவங்கெல்லாம் எத்தனை வாட்ஸ்னு கேப்பாங்க. நீங்கதாண்ணே சூட்டைக் கேக்கறீங்க" என்று கடைக்காரம்மா சிரித்தார்.

முதலில் ஒரு பெரிய பெட்டியில் பாட்டு வைத்தார். சூடு இறங்குவதற்கு இருபுறமும் உலோகச் சிறகு வைத்த பெட்டி. தேனாய்ப் பாடியது. இரண்டு பாட்டு முடிந்ததும் தணல் அதன் தலைமேல் கையைப் பிடித்தார்.

"இதுல ரொட்டியே போடலாம். வேணாம்மா."

அடுத்ததற்குள் குட்டி விசிறி ஒன்று சுற்றியது. தொட்டால் சூடில்லை. ஆனால் பாட்டு தணிந்து நிற்கிற இடத்தில் உள்ளேயிருந்து ஒரு கிர்ரென்ற ஓசை.

"என்னம்மா, உள்ள ஒரு கொசு கூடவே பாடுது?"

"நல்ல காதுண்ணே உங்களுக்கு. அப்போ இதைப் பாருங்க."

ரொட்டி சுடுகிற தகர அச்சு அளவுக்கு ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். தணலுக்கு முகம் சுருங்கியது. "இந்தக் குருவி தலையில என் வீட்டுப் பனங்காயை வைக்கவா? என் ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் இடுப்பு உசரம்."

"மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசுண்ணே. பழைய பெட்டி வாங்கற கரண்ட்ல பாதிக்கு மேல சூடாக்கி வீணடிச்சிடும். இது பெரும்பாலும் பாட்டாவே குடுத்துடும். உங்க ரூமு சின்னது, இது தாராளமாப் போதும். மேல துணி கிணி மூடாம வெச்சுக்கோங்க."

பாடவிட்டுக் கேட்டார். கொசு இல்லை. தொட்டார், அனலும் இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில்தான் வினை. பழைய பெட்டி நன்றாகச் சூடேறின பிறகுதான் கனிந்து பாடும். போட்டுவிட்டுக் காத்திருப்பார், கை வைத்துப் பார்ப்பார், அப்புறந்தான் பாட்டு வைப்பார். அடுப்படியில் வளர்ந்த கை அந்தப் பழக்கத்தை விடுமா? புதுப்பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கை வைத்தார். வெறும் தகரமாய் இருந்தது. இன்னும் பொறுத்தார். அப்போதும் அப்படியே. சரி, இது இன்னும் பதத்துக்கு வரவில்லை என்று முடிவு கட்டினார். வேகாத ரொட்டியை யாருக்காவது பரிமாறுவோமா? வெந்த பிறகு வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

சில நாள் இப்படியே போனது. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவரிடம் சொன்னார்.

"சூடே ஏறாத அடுப்புல எதுய்யா வேகும்?" என்று அந்த மனுஷன் கேலி செய்தார். "தீயைக் கொஞ்சம் தூண்டி விடு தணலு."

அன்றைக்கு மதியம் தணல் தூண்டித்தான் விட்டார். சத்தத்தைக் கூட்டினார். கை வைத்தார். மேலும் கூட்டினார். அடுக்களையில் தட்டுகள் கிடுகிடுத்தன. பாடுகிறவர் ஆண்டவனைக் கெஞ்சுகிறாரா, சண்டைக்கு இழுக்கிறாரா என்று தெரியவில்லை. கதவு படாரென்று திறந்தது.

"கடவுளுக்குக் காது செவிடா, இல்ல உங்களுக்கா?"

வீட்டுக்காரம்மா விறுவிறுவென்று உள்ளே வந்து குமிழைத் திருகினார். பாட்டு அடங்கி, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிற அளவுக்கு வந்து நின்றது. அந்த அம்மாவின் கை குமிழிலேயே இருந்தது. அந்த அறையை அப்போதுதான் உடம்பு உணர்ந்ததுபோலச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க அனலே இல்லையே!"

"அதாம்மா எனக்கும் கவலை."

"கவலையா? சூடில்லாத பொட்டி வேணும்னுதானே அலைஞ்சீங்க? வாங்கி வெச்சுக்கிட்டு, வான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? அவருக்குத் தனியாக் கேக்கத்தான் பிடிச்சிருக்குன்னு நான் பாட்டுக்குக் கெடக்கேன்."

தணலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அப்படியில்லம்மா. இன்னும் வேகல. வெந்ததும் கூப்பிடலாம்னு…"

"எது வேகல?"

"பாட்டு."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆண்டவா, இந்த மனுஷன் கடையை எப்பதான் கடையிலயே விட்டுட்டு வருவார்?" என்று சொல்லி, அங்கே மிஞ்சியிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். தணல் தரையில் சுவரில் சாய்ந்துகொண்டார். பழைய பெட்டியில் கேட்டதைவிட இது நல்ல பாட்டா, மட்டமா என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது பாட்டின் பாதியில் அது வந்தது. வீட்டுக்காரம்மாவின் கழுத்து சிவந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாய்ப் பூத்தது. எழுந்துவிடப் போகிறார் என்று தணல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணை மூடினார். சூடு தானாக வந்தது, தானாக இறங்கியது. பாட்டும் முடிந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க? அடுத்ததை வைங்க" என்றார். "அதுக்கு முன்னாடி முன்னறையில இருக்கற இன்னொரு நாற்காலியை எடுத்துட்டு வாங்க. தெனமும் தரையில உக்காந்தா உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?"

தெனமும் என்றாரே! தணல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த வேகத்தில் அது அறைக்கதவில் இடித்துக்கொண்டது.