வெட்டு மிசினின் கண்

மன்னார் பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மிசின் பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வர நாலைந்து நாளாகும். அதனால் எல்லாவற்றையும் நானே கழற்றிப் பூட்டுவேன்.

கடதாசி வெட்ட மிசின் வாங்கப் போனபோது இரண்டைக் காட்டினார்கள். ஒன்று கையால் பிடியை இழுத்து வெட்டுவது. மற்றது கரண்டில் வெட்டுவது. முதலாளி மலிவென்று முதலாவதைப் பார்த்தார். நான்தான் கரண்ட் மிசினை எடுக்கச் சொன்னேன். அதில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். முதலில் இரும்புப் பலகை இறங்கிக் கடதாசியை நெரிக்கும். பின்னாலேயே கத்தி இறங்கும். கடதாசி வைக்கிற வாயின் இரண்டு பக்கமும் வெளிச்சத்தால் பார்க்கிற கண் இருக்கிறது. குறுக்கே ஏதும் வந்தால் மிசின் நின்றுவிடும்.

சோளகக் காற்று தொடங்கினால் தீவு முழுக்க உப்பும் மணலும் பறக்கும். மிசின் கண்ணில் உப்புப் படியும். குறுக்கே ஒன்றும் இல்லாமலே மிசின் நிற்கும். துடைத்தால் பத்து வெட்டு வெட்டும். மறுபடி நிற்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் பின்மூடியைக் கழற்றி, இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கினேன். அதன் பிறகு கண் வேலை செய்யவில்லை. மிசின் நிற்கவும் இல்லை. என் இரண்டு கையும் பொத்தானில்தானே, வேறு யாருடைய கை வரப்போகிறது என்று நினைத்தேன். முதலாளிக்குச் சொல்லவில்லை.

அந்தக் காற்றிலேயே தலைமன்னாரிலிருந்து ஒருவன் வந்தான். கடலில் செத்த தமையனுக்கு அன்று பின்னேரம் முப்பத்தோராம் நாள் பூசை. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அட்டை வேண்டும். முன்பக்கம் படம், பின்பக்கம் செபம். காலையிலேயே குடித்திருந்தான். கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு இருந்தான்.

பிறின்டர் மட்டையை இரண்டிரண்டாக இழுத்தது. மட்டையில் ஈரம். குண்டு பல்புக்குக் கீழே காயவைத்தேன்.

“ஏனண்ணை, அப்பளமோ காய வைக்கிறாய்?” என்றான்.

ஒருவழியாக அடித்து முடித்து முதல் அடுக்கை வெட்டினேன். அடுக்கு சரிந்திருந்தது. கத்தி படத்தின் நெற்றியோடு போய்விட்டது. அவன் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தான். எழும்பி என் கன்னத்தில் அறைந்தான். தலை அலுமாரியில் மோதியது.

“உயிரோட இருக்கேக்க ஒருத்தனும் அவன்ர தலையில கை வைக்கேல்லை. நீ வெட்டிப்போட்டாய்.”

முதலாளி ஓடிவந்தார். “தம்பி, கையை எடுங்கோ. அடிச்சா அட்டை வருமே?”

“வரும். இன்னும் ரெண்டு குடுத்தா கெதியா வரும்.”

நான் அடுத்த அடுக்கை வைத்து இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். மேல் அட்டை கொஞ்சம் விலகி நின்றது. தமையனின் முகம் மறுபடி வெட்டுப்படும் என்று அவன் கையை உள்ளே விட்டு அதைத் தள்ளினான்.

பலகை இறங்கியது. எலும்பு நெரிகிற சத்தம் கேட்டது. கையைக் கண்டேன். பொத்தானை விட்டேன். அதற்குள் கத்தி இறங்கிவிட்டது. கண்டதற்கும் விட்டதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. கன்னம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் அட்டைகளுக்கு நடுவே கிடந்தன. அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். இரத்தம் சுவரில் அடித்தது. பிறகு இடக்கையால் என் கழுத்தைப் பிடித்து மிசினோடு மோதினான். முதலாளியும் நானும் அவனை நிலத்தில் அழுத்திப் பிடித்துக் கையைத் துணியால் கட்டினோம். உதைத்தான். என் தோளைக் கடித்தான். ஓட்டோவில் ஏற்றினோம். விரல்களை ஐஸ் பையில் போட்டு நான் மடியில் வைத்திருந்தேன். நெரிந்துவிட்டது, பொருத்த ஏலாது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அவன் வலை இழுக்கிறவன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்தது. “வெறியில இருந்தனான். நான்தான் கையை விட்டனான். அவரில பிழையில்லை” என்று சொன்னான். நான் கட்டிலடியில் நின்றேன். வயரைப் பற்றிச் சொல்லவில்லை. அச்சகத்துக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து வயரைப் பிரித்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தான். குடிக்கவில்லை.

“உன்ர மிசினுக்குக் கண் இருக்காம். கை போனா நிக்குமாம். உண்மையே?”

“ஓம்.”

“அண்டைக்கு ஏன் நிக்கேல்லை?”

முதலாளியும் என்னைப் பார்த்தார். பழுது என்று சொன்னால் அதோடு முடிந்திருக்கும்.

“நான் வயரை மாத்திக் குடுத்தனான். காத்துக்கு நிண்டு நிண்டு போச்சு. அதுக்காக.”

இடக்கையால் என் வாயில் குத்தினான். மறுபடி குத்தினான். ஒரு பல் கழன்று நாக்கில் கிடந்தது. நான் கை தூக்கவில்லை. மூன்றாவது குத்து என்னில் படாமல் சுவரில் பட்டது.

“அடிக்கவும் வருகுதில்லை” என்றான். மூச்சு வாங்கினான். “இதைப் பொலிசில வந்து சொல்லுவியோ? எல்லாரும் என்னைத்தான் குடிகாரன், தானே வெட்டிக்கொண்டவன் எண்டு சொல்லுறாங்கள். என்ர மனுசியும்.”

“டேய், யோசிச்சுக் கதை” என்றார் முதலாளி.

“வாறன்” என்றேன். பல்லைத் துப்பிவிட்டு அவன் பின்னால் இறங்கிப் போனேன்.