இரண்டாம் கியரில் போனக்காடு மலைக்கு

ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 4.50. ஆரியசாலையில் எங்கள் சந்தில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. மொத்த வியாபாரக் கடைகளின் மிளகாய் வற்றல் நெடி மட்டும் விழித்திருந்தது. என் கணவர் கைலியும் மப்ளருமாக வாசலில் நின்று, வண்டியின் பின் சீட்டில் ஒரு கையை ஊன்றியிருந்தார். அவர் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையில் கணக்கர். இந்த நூறு சிசி மோட்டார் சைக்கிளை ஆறு வருடத்துக்கு முன் வாங்கியவர் அவர்தான். வாரம் ஒருமுறை துடைப்பார், மாதம் ஒருமுறை கோயிலுக்கு ஓட்டுவார். கடைக்கு நடந்துதான் போவார்.

"ஏட்டி, நானும் பின்னால இருந்துக்கிடுதேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"நீங்க இருந்தா ஐஸ் பெட்டிய எங்க வைக்க? என் தலையிலயா?"

"மலை ரோடுட்டி. நீ இதுவர கரமனையத் தாண்டி வண்டி ஓட்டுனது இல்ல."

"கைய எடுங்க."

எடுத்தார். நான் கிளம்பினேன்.

மலைக்காட்சி பார்க்கப் போன பயணம் என்று நினைத்து வாசிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வயது நாற்பத்தொன்று. பிறந்தது நாகர்கோவில், வாழ்க்கைப்பட்டது திருவனந்தபுரம், வேலை கேரள அரசில் சுகாதார நர்ஸ். விதுராவுக்கு அப்பால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன் பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து ஞாயிறுகளில், ஐஸ் பெட்டியில் மருந்தை வைத்து போனக்காடு மலையில் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. லயம் என்றால் வரிசை வீடுகள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்.

முந்தைய சுற்றில் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். தாய்மார்கள் குழந்தைகளோடு பன்னிரண்டு மணி வரை நின்றிருக்கிறார்கள். எங்கள் ஜீப் போய்ச் சேர்ந்தது இரண்டரைக்கு. மேல் லயத்தில் பதினொரு குழந்தைகள் விட்டுப்போயின. எங்கள் நிலையத்து மெடிக்கல் ஆபீசர் ரிப்போர்ட்டில் காரணம் எழுதினார்: 'தாய்மார்கள் ஒத்துழைக்கவில்லை.' ஜீப் தாமதம் என்று எழுத வேண்டியதுதானே என்று கேட்டேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். கீழே கையெழுத்துப் போட எனக்கு இடமிருந்தது. போட்டேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

மணி 5.15. தம்பானூர், பாளையம், பேரூர்க்கடை தாண்டிவிட்டேன். சாலையில் பால் வண்டிகளும் முதல் பஸ்களும்தான். மூன்றாம் கியருக்குப் போகும்போதெல்லாம் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டேன். காரணம் சொல்கிறேன், அந்த டிரைவிங் ஸ்கூலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பத்து நாள் பயிற்சி, எழுநூறு ரூபாய். ஆசான் சந்தோஷுக்கு வயது இருபத்துநாலு இருக்கும். முதல் நாளே, "சேச்சிக்கு ஸ்கூட்டர் போதுமே, பைக்கு எதுக்கு?" என்றான். மலையில் ரோடு கிடையாது, கல்தான் கிடக்கிறது, சின்னச் சக்கரம் ஏறாது என்று விளக்கினேன். சிரித்தான். மைதானத்தில் கம்பிகள் நட்டு எட்டு வரைந்திருந்தார்கள். இரண்டாம் கியரில் அந்த எட்டுக்குள் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் பாடம். பத்து நாளும் எட்டு. "காலு குத்தினா ஃபெயிலாக்கும் சேச்சி, காலு குத்தாதே!" என்று ஒரு வாக்கியத்தைப் பத்து நாளும் கத்தினான். காலைத் தரையில் ஊன்றாதே என்று அர்த்தம். மேட்டில் எப்படி நிறுத்துவது, எப்படி எடுப்பது என்று கேட்டேன். "அது டெஸ்டில இல்லல்லோ" என்றான்.

டெஸ்ட் அன்று சுடிதார் போட்ட நாற்பத்தொரு வயதுப் பெண் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்க ஒரு கூட்டம் மதிலோரம் கூடிவிட்டது. இடது கால் ஒரு நொடி மண்ணைத் தொட்டது. ஃபெயில். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் மன்னிக்கப்போவதில்லை. இரண்டாம் முறை அச்சடித்ததுபோல் எட்டுப் போட்டேன், ஒருவரும் தட்டவில்லை. ரோட்டில் எப்போது சொல்லித்தருவாய் என்று சந்தோஷிடம் கேட்டேன். "லைசன்ஸ் கிட்டியாச்சே, பின்னே என்ன? ரோடு தானே படிப்பிச்சுக்கும்" என்றான். இப்படி, மூன்றாம் கியரைத் தொடாமலே எனக்கு அரசாங்கம் லைசன்ஸ் கொடுத்தது. மற்றதெல்லாம் விடியற்காலையில் ஆரியசாலைக்கும் கரமனைக்கும் நடுவே நானே தட்டுத் தடுமாறிக் கற்றது. பின் சீட்டில் கணவர் "பிரேக், பிரேக்" என்று ஜெபித்துக்கொண்டிருப்பார்.

மணி 6.05. நெடுமங்காடு. டீ இரண்டரை ரூபாய். கடைக்காரர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ஆண் துணை யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தார். டீயை ஆற்றாமல் குடித்துவிட்டு ஏறினேன்.

மணி 6.50. சுகாதார நிலையம். என் வண்டி மீட்டரில் வீட்டிலிருந்து 41 கிலோமீட்டர். வாசலில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. ரிப்பேர் இல்லை, டிரைவரும் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜீப் இருக்கே! மலைக்கு இப்பவே போலாமே?"

"அய்யோ சிஸ்டரே, ஆபீசருக்கு பத்து மணிக்கு உத்காடனம் உண்டு. பஞ்சாயத்து ஆளுங்க வராங்க, போட்டோ உண்டு. அது கழிஞ்சு மலைக்கு விடலாம்னு பறஞ்சார்."

உத்காடனம் என்றால் திறப்பு விழா. எதைத் திறக்கிறார்கள்? சொட்டு மருந்துத் திட்டத்தை. மலைமேல் குழந்தைகள் நிற்க, கீழே ரிப்பன் கட்டி ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்துப் படம் எடுக்க ஜீப் காத்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிரைவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவரைச் சொல்லி என்ன பயன்? உள்ளே போய் ஐஸ் பெட்டியை வாங்கினேன். நான்கு பக்கமும் ஐஸ் பொதி, நடுவே மருந்துக் குப்பிகள். பழைய சைக்கிள் டியூபால் பின் சீட்டில் இறுக்கிக் கட்டினேன். யூனிஃபார்ம் புடவை பைக்குள் இருந்தது. அதை உடுத்தி ஓட்டினால் சங்கிலிக்குத்தான் இரையாகும்.

மணி 7.40. வனத்துறை செக்போஸ்ட். காவலர் பெயர் எழுதிக்கொண்டார். "தனியாவா? ஆனை உண்டு மேல" என்றார். ஆனை மேல் எனக்குக் கோபம் இல்லை என்றேன். கட்டையைத் தூக்கினார்.

அதற்குமேல் தார் இருந்ததற்கான அடையாளம்தான் இருந்தது. முதல் நாலைந்து வளைவுகள் இரண்டாம் கியரில் ஏறிவிட்டேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில், பாதியில் எஞ்சின் இருமி நின்றது. வண்டி சாய்ந்தது. காலை ஊன்றியிருந்தால் விழுந்திருக்க மாட்டேன். ஊன்றவில்லை. பத்து நாள் சந்தோஷ் என் காதில் கத்தியது உடம்பில் ஏறியிருந்தது. இரண்டு காலையும் பத்திரமாக மேலேயே வைத்துக்கொண்டு, வெட்டிய வாழை மாதிரி அப்படியே விழுந்தேன். முழங்கை கல்லில் உரிந்தது. வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

மணி 8.20. காலை உருவியெடுத்ததும் பெட்டியைத்தான் பார்த்தேன். டியூப் பிடித்திருந்தது, மூடி திறக்கவில்லை. பெட்ரோல் சொட்டியது, டேங்க் குழாயை மூடினேன். வண்டியைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. மறுபடியும் பார்த்தேன். அழுகை வந்தது. யாருமில்லாத ரோட்டில் சந்தோஷை, ஆபீசரை, மதிலோரக் கூட்டத்தை, கணவரை வரிசையாகத் திட்டினேன். வாழ்நாளில் வாயில் வராத வார்த்தைகளெல்லாம் வந்தன. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் முதுகைக் கொடுத்து, காலால் உந்தினேன். பிரசவ வார்டில் கனத்த கட்டிலை நகர்த்துகிற முறை அது. எழுந்தது.

மேட்டில் வண்டி எடுப்பதை அங்கேதான் கற்றேன். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி முன்னால் இழுக்கிறது என்று தெரிந்த பிறகு பிரேக்கை விட வேண்டும். ஐந்தே நிமிடப் பாடம். மூன்று முறை அணைந்தது, நான்காவதில் ஏறியது. எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இதைச் சொல்ல ஒருவனுக்கு வாய் வரவில்லை.

மணி 8.55. மேல் லயம். மீட்டரில் 59 கிலோமீட்டர். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகைதான் மருந்து கொடுக்கிற இடம். அங்கே ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வரிசைக்குப் போனேன். பெண்கள் அவரவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை.

"மருந்து வந்திருக்கு. பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க."

"நாங்கதான் ஒத்துழைக்காத ஆளுகளாச்சே நர்சம்மா. வேற எங்கயாச்சும் போயி ஊத்துங்க."

சொன்னவள் பேச்சித்தாய். முப்பது வயதிருக்கும், இடுப்பில் பெண் குழந்தை. அந்த ரிப்போர்ட்டின் நகல் எஸ்டேட் ஆபீசுக்கு வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தார்களாம். விட்டுப்போன பதினொரு குழந்தைகளின் தாய்மார் பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் இவளுடையது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்ததும் கோபம்தான். முழங்கையில் ரத்தம், முழங்காலில் வீக்கம், இவர்களுக்காக விழுந்து எழுந்து வந்தால் இப்படியா என்று இருந்தது. பெட்டியை ஓங்கி வைத்தேன்.

"நான் எப்படி வந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அன்னைக்கு நாங்க எப்படி நின்னோம்னு உங்களுக்குத் தெரியுமா? இவளுக்குக் காய்ச்சல். பன்னெண்டு மணி வரைக்கும் வச்சிக்கிட்டு நின்னேன். யாரு எழுதுனா அத?"

"ஆபீசர் எழுதினாரு." மீதியையும் சொன்னேன். "கையெழுத்து நான் போட்டேன்."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கம்தான் மிஞ்சியிருந்தது.

"பொய்னு தெரிஞ்சேவா போட்டீங்க?"

"ஆமா."

"அப்ப மாத்தி எழுதுங்க. இப்பவே, எங்க முன்னாலயே. எனக்குப் படிக்கத் தெரியும்."

பையிலிருந்து அன்றைய படிவத்தை எடுத்தேன். மலையாளத்தில் அச்சடித்த படிவம், மலையாளத்தில்தான் நிரப்ப வேண்டும். பின்பக்கம் வெற்றுத்தாள். ஐஸ் பெட்டியின் மேல் வைத்து, தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன். 'முந்தைய சுற்றில் மேல் லயத்துத் தாய்மார்கள் காலையிலிருந்து பன்னிரண்டு மணி வரை குழந்தைகளோடு காத்திருந்தார்கள். எங்கள் ஜீப் இரண்டரை மணிக்குத்தான் வந்தது. தவறு எங்களுடையது.' கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன்.

பேச்சித்தாய் தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உரக்க வாசித்தாள். 'தவறு' என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். என் முழங்கையைப் பார்த்தாள்.

"கழுவிட்டு ஊத்துங்க" என்று சொல்லி, குழந்தையை மடியில் கிடத்தி வாயைப் பிடித்துத் திறந்தாள்.

பெட்டியைத் திறந்தேன். குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் உண்டு. மருந்து சூடாகிக் கெட்டுப்போனால் அது கறுத்துவிடும். அந்தச் சதுரம் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு சொட்டு. குழந்தை முகத்தைச் சுளித்தது. மற்ற வாசல்களிலிருந்தும் இறங்கி வந்தார்கள். முன்பு விட்டுப்போன பதினொன்றும் வந்தன.

மணி 12.40. இறங்கினேன். முதல் கியரில், ஊர்ந்து. தேயிலைச் சரிவும் பனியும் அழகாகத்தான் இருந்திருக்கும். நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பாதி வழியில் ஜீப் ஏறி வந்தது. ஆபீசர் முன் சீட்டில் இருந்தார். கை காட்டி நிறுத்தச் சொன்னார். இறக்கத்தில் நிறுத்த எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நிறுத்தவில்லை.

படிவத்தைப் பின்பக்க எழுத்தோடு அப்படியே ஆபீசில் கொடுத்தேன். பத்து நாளில் மெமோ வந்தது. மூன்று கேள்விகள். அரசு மருந்தைத் தனியார் இருசக்கர வாகனத்தில் கொண்டுபோக யார் அனுமதித்தது? யூனிஃபார்ம் புடவை இல்லாமல் டியூட்டி பார்த்தது ஏன்? அரசுப் படிவத்தில் தமிழில் எழுதியது ஏன்? நான் எழுதியிருந்தது பொய்யா, மெய்யா என்று ஒரு கேள்விகூட இல்லை. முதல் இரண்டுக்கும் ஒரே பதில் எழுதினேன்: அன்று காலை 6.50க்கு ஜீப் வாசலில் நின்றது. மூன்றாவதற்கு, அது யாரைப் பற்றி எழுதியதோ அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது என்று எழுதினேன்.

அடுத்த சுற்றுக்கு முந்தின நாள் டிரைவர் வந்தார். "நாளைக்கு உங்களுக்கு ஜீப் நிச்சயமா உண்டு சிஸ்டரே, ஆபீசர் பறஞ்சாச்சு" என்றார்.

"எத்தன மணிக்கு?"

தலையைச் சொறிந்தார். நான் பெட்ரோல் போடக் கிளம்பினேன்.