கொரியாவில் இலவச வீடு

காலையில் மகளிடம் பேசினேன். கொரியாவில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பள்ளி கொடுத்த ஒற்றை அறையில் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. போனதிலிருந்து இருமுகிறாள்.

வேறு வீடு கேட்டதற்கு, "முன்னாடி இருந்த டீச்சர் ஒண்ணுமே சொல்லலையே" என்றார்களாம்.

அந்த டீச்சரை ஆன்லைனில் தேடிப்பிடித்துக் கேட்டிருக்கிறாள். அவரும் புகார் செய்தவர்தான். அவருக்கும் இதே பதில்தான் கிடைத்ததாம்.

மாலையில் எங்கள் ஊர் ரிச்சர்ட்சனில் உள்ள இந்தியக் கடையில் ஷமீமா அக்காவைப் பார்த்தேன். "உன் பொண்ணுக்கு வீடு ஃப்ரீயாமே, குடுத்து வச்சவ. என் பையனும் அங்க அப்ளை பண்றான்."

"பண்ணட்டும்க்கா. முன்னாடி இருந்த டீச்சர் ஒண்ணுமே சொல்லலைன்னு அவன்கிட்டயும் சொல்வாங்க. அந்த டீச்சர் என் பொண்ணுதான்."

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்திருப்பார். வயிற்றெரிச்சல்தான். அவர் பையன்மேல் இல்லை.