மிட்சுயோவின் கூந்தல்

ஓகாயா நகரின் பட்டு ஆலைகளுக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் விடுமுறை. அந்த இரண்டு நாளும் சிகை அலங்காரம் செய்யும் இசோவின் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. புழுக்கூடு வேகும் நாற்றம் ஏறிய தலைகளை மாவும் கடற்பாசிக் கூழும் போட்டு அலசி, காமெலியா விதை எண்ணெய் தடவி, பிளந்த பீச் பழம் போலக் கொண்டை போட்டு அனுப்புவாள். நாற்பது வயதுக்காரிக்கு வீட்டில் வேறு யாருமில்லை.

வருகிற ஆலைப் பெண்களில் ஒருத்தி மிட்சுயோ, பதினேழு வயது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். முழங்காலைத் தொடும் முடியில் இடப்பக்கத்துக் கொத்து மட்டும் அலை அலையாக நெளியும். கொதிநீரில் பிழிந்த துணியை எத்தனை முறை வைத்து அழுத்தினாலும் அடங்காது.

"உன்னை மாதிரியே உன் முடிக்கும் திமிருடி."

"இழுக்காதீங்கக்கா. புதுவருஷத்துக்கு ஊருக்குப் போனா அம்மாதான் சீவி விடுவாங்க. அவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

கார்த்திகைக் குளிருக்குப் பிறகு அவள் வரவில்லை. இருமல் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

பனி உருகும் காலத்தில் முடி வியாபாரி வந்தான். ஒரு மணப்பெண்ணின் கொண்டைக்குச் சவுரி வேண்டியிருந்தது. நல்ல நீளமான கட்டு ஒன்றை இசோ வாங்கினாள். அலசி, சூடான துணியை வைத்து எடுத்தாள். ஒரு கொத்து மெல்ல நெளிந்து எழுந்தது. கண்ணுக்கு முன்பே அவள் விரல்கள் அதைக் கண்டுகொண்டன. கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் வியாபாரியைத் தேடிப் பிடித்தாள். "எங்கே எடுத்தே?"

"பட்டு ஆலை விடுதியில, நோய்க்காரங்க அறையில கொடுத்தாங்க. பேன் பிடிச்சிடும்னு வெட்டினதாம். ஏன், நல்லாத்தானே இருக்கு?"

மணப்பெண்ணுக்கு வேறு சவுரி வைத்தாள். இது சுவரில் காய்ந்தது. பட்டப்பகலில், வேறொருத்தி தலையில் சீப்பை வைக்கும்போதெல்லாம், "இழுக்காதீங்கக்கா" என்று காதோரம் கேட்டது. சீப்பை எடுத்துவிட்டு, "வலிக்குதா?" என்பாள். எதிரே இருப்பவள் விழிப்பாள். "நான் ஒண்ணும் சொல்லலியே."

ஐந்தாம் நாள் கடையைச் சாத்திவிட்டு, முடியைத் துணியில் சுற்றிக்கொண்டு கணவாய் ஏறினாள்.

மிட்சுயோவின் தாய் யாசு வீட்டு முன்னால் முள்ளங்கி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே, இறந்தவர்களுக்கு வைக்கும் பலகையில் மகளின் பெயர் புதிதாக எழுதியிருந்தது.

"மொட்டைத் தலையில துணியைக் கட்டிக்கிட்டு வந்தா" என்றாள் யாசு, வந்தவள் யாரென்று கேட்டறிந்த பிறகு. "ஒன்பது நாள் இருந்தா. துணியை அவிழ்க்கவே விடல. 'முடி எங்கடி?'ன்னு கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

இசோ துணியைப் பிரித்தாள். யாசு தொடவில்லை.

"எப்படிக் கொண்டை போட்டுக்குவா?"

இசோ சொன்னாள்.

"என் தலையில போட்டுக் காட்டுங்க."

நரைத்து மெலிந்திருந்த முடியோடு மகளின் முடியைச் சேர்த்து, எண்ணெய் தடவி, பீச் பழக் கொண்டை போட்டாள் இசோ. நடுவில் சிவப்புத் துணி. நெளிந்த கொத்து அடங்காமல் எழுந்ததால் இரண்டு தரம் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது. இந்த முறை காதில் எந்தக் குரலும் கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

யாசு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். விறகுக் கட்டோடு அவள் கணவன் உள்ளே வந்தான். கட்டு தோளிலிருந்து சரிந்தது.

"எப்பம்மா வந்தே?" என்றான், அந்தக் கொண்டையைப் பார்த்து.

யாசு திரும்பவில்லை. அவனும் கிட்டே வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று அதே குரலில் கேட்டான்.

இசோ சீப்புகளை எடுத்துக்கொண்டு பின்வழியே வெளியேறினாள். முடியைத் திரும்பக் கேட்கவில்லை.