வடிகாலுக்குள் போன கேபிள்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. கேட்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை மாறாமல் அப்படியேதான் சொல்கிறார்.

அத்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் 2.10. ஐ.சி.யூ. நர்ஸிடமிருந்து போன்.

“சார், ரத்த ரிப்போர்ட் ஒண்ணுமே திறக்கல. சுத்திக்கிட்டே இருக்கு. பேஷண்ட்டுக்கு மூச்சு வாங்குது, டாக்டர் கத்துறார்.”

வார்டு கணினிகள் எல்லாம் ப்ராக்ஸி சர்வர் என்ற ஒரே இயந்திரம் வழியாகத்தான் வெளியே போகும்; ரத்த ரிப்போர்ட்டும் அதன் வழியாகத்தான் வரும். ஒருமுறை வந்த பக்கத்தை அது நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். திறக்கிற ஒவ்வொரு இணைப்புக்கும் அதனிடம் ஓர் எண் வேண்டும். மொத்தம் 1024 எண்கள். தீர்ந்துவிட்டால் புதிதாக வருபவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அத்தான் திரையைப் பார்த்தார். 1024-ம் தீர்ந்திருந்தது. விடுமுறை நாளில் நூறு இருந்தாலே அதிகம்!

வரம்பை 4096 ஆக்கினார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டார். அப்பாடா என்று சாய்ந்தார்.

2.19. மறுபடி போன். 4096-ம் நிறைந்திருந்தது.

கூடவே ஒரு வாடை. அழுகின இறைச்சி மேல் மருந்தை ஊற்றியது போல... ஏ.சி. துவாரத்திலிருந்து வந்தது.

இணைப்புகள் யாருடையவை என்று பிரித்துப் பார்த்தார். வார்டுகளுக்கு முப்பது. மிச்சம் அத்தனையும் ஒரே இடத்திலிருந்து. அடித்தளம், கடைசி அறை. ஓர் இடத்துக்கு ஐம்பதுக்கு மேல் கூடாது என்று விதி போட்டார். எண் குறையவில்லை. அந்த முகவரியையே அடைத்தார். அப்போதும் குறையவில்லை.

நேரே போய்ப் பிடுங்கிப் போட வேண்டியதுதான் என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

2.33. கதவைத் திறந்தார். வெற்று அறை. வெள்ளை ஓடு பதித்த தரை. கணினி இல்லை. மேசைகூட இல்லை.

சுவர் துளையிலிருந்து ஒரு நீலக் கேபிள். தரையோடு தரையாக ஓடி... நடுவிலிருந்த வடிகால் ஓட்டைக்குள் இறங்கியிருந்தது.

பிடித்து இழுத்தார். வந்தது. வழவழவென்று, மஞ்சள் பிசினோடு வந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

ப்ளக்... ப்ளக்...

அப்புறம் முடி. நரைமுடி. கொத்துக் கொத்தாகக் கேபிளில் சுற்றிக்கொண்டு.

உள்ளேயிருந்து எதுவோ திரும்ப இழுத்தது.

மெதுவாக.

ஒரே ஒரு தடவை...

அத்தான் கையை உதறினார். சுவர்ப் பக்கம் பாய்ந்து கேபிளைப் பிடுங்கி எறிந்தார். 2.41. பையில் போன் அடித்தது.

“திறந்துடுச்சு சார்! ஊசி போடறாங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

நோயாளி பிழைத்துவிட்டார். திங்கட்கிழமை அத்தான் சர்வரின் பதிவைப் புரட்டினார். அந்த நாலாயிரம் இணைப்பும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரே நோயாளியின் ரத்த ரிப்போர்ட். அந்த நோயாளியின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆவண அறை அம்மாளிடம் போனார். அந்த அம்மாள் எண்ணைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

“இவங்க நாலு வருஷத்துக்கு முன்னால ஐ.சி.யூ.ல இருந்தாங்க. ரிப்போர்ட் ரெடி. ஆனா திறக்கல. சர்வர் நிறைஞ்சு போச்சு. நாற்பது நிமிஷம் போராடினாங்க. அதுக்குள்ள உயிர் போயிடுச்சு.”

“அப்பவே வரம்பை ஏத்தியிருக்கலாமே? ஒரே ஒரு வரிதானே!”

“ஏத்தினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். மேலிடத்துல அப்படியே விடச் சொல்லிட்டாங்க.”

சீ என்று வந்தது அத்தானுக்கு. பேயைவிட இது அருவருப்பாக இருந்தது என்பார்.

“அப்புறம்?”

“சொந்தக்காரங்க கேஸ் போட்டாங்க. உடம்பு பதினோரு நாள் கீழே கடைசி ரூம்லயே கிடந்தது, அப்ப அதுதான் பிணவறை. குளிர்பெட்டி ரிப்பேர்.” அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “வடிஞ்சதை எல்லாம் தண்ணி விட்டுத் தள்ளினாங்க சார்... தரை நடுவுல இருக்கற அந்த ஓட்டைக்குள்ளதான்.”