பாத்திமா மேரியும் உப்பில்லாமல் தின்ற பழமும்

வரதராஜன்பேட்டையில் முந்திரிப் பழத்தை உப்புத் தொடாமல் யாரும் தின்பதில்லை; தின்றால் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். பாத்திமா மேரிக்கு அந்தத் தவக்காலத்தில் எதை விடலாம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் உப்பை விடத் தோன்றியது. வெற்றிலையை விட்டிருக்கலாம். சீரியலை விட்டிருக்கலாம். யார் கேட்டார்கள் உப்பை?

தோப்பு மூலையில் இருந்த கிழட்டு மரம் அந்த வருஷம் இரண்டே பழம் விட்டது. ஒன்றை அவள் தின்றாள். கையில் உப்பு இல்லாததால் மற்றதை அப்படியே தின்றார் புருஷன் தேவசகாயம். வீட்டுக்கு வந்து பூட்டைத் தொட்டால், பிசைந்த மாவு மாதிரி குழைகிறது. இரும்பு, கல், பித்தளை எல்லாம் இரண்டு பேர் கையிலும் இளகின. கையை எடுத்ததும் இறுகின. அதுவும் ஒரு பிடிக்குள் அடங்குகிற அளவுதான். மரமும் உயிருள்ளதும் மசியவில்லை. அன்று சாயங்காலம் தேவசகாயம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். அத்தோடு அவருடைய வித்தை போயிற்று. பிற்பாடு ஆனிக் காற்றில் அந்த மரமும் சாய்ந்தது.

அந்தத் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வந்தது. ஊரே கறிச்சோறு தின்றது. பாத்திமா மேரியும் தட்டோடு உட்கார்ந்தாள்.

"ஒரு வாரம் பொறுத்துக்க. ஆண்ட்ரூஸ் வூட்டு மோட்டாரு சிக்கிக்கிட்டு நிக்குது" என்று தட்டை நகர்த்தினார் தேவசகாயம்.

அந்த ஒரு வாரம் நாலு வருஷமாகியும் முடியவில்லை. நசுங்கிய குடம், கோணிப்போன சைக்கிள் ரிம், வீங்கிய விரலில் மாட்டிய மோதிரம் என்று ஒன்று மாற்றி ஒன்று வாசலுக்கு வந்தது. வந்தவர்கள் காரியம் முடிந்ததும், "இன்னும் உப்பு சேத்துக்கலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாப்பிட்டாயா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. வேர்வை உதட்டில் இறங்கிவிடும் என்று வெயிலில் கொட்டை பொறுக்கும்போதுகூட வாயில் துண்டு கட்ட வைத்தார்கள்.

"நான் மனுசியா, ஸ்பேனரா?" என்பாள். அதற்கும் சிரிப்பார்கள்.

ஏலாக்குறிச்சியில் இருந்த அக்கா ஆனி ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. தங்கச்சி வரும் நாளில் தனக்கும் உப்பில்லாமல் உலை வைப்பாள். "போதும்டி. ஒரு வாய் ரசம் ஊத்தித் தின்னுட்டு நிம்மதியா இரு. எவன் மோட்டாரு நின்னா உனக்கென்ன?" என்பாள். பாத்திமா மேரிக்கும் அதுதான் ஆசை. ஆனால் வாசலில் ஒருத்தர் வந்து நின்றுவிட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. அந்தப் பாழாய்ப்போன குணத்தை எந்தத் தவக்காலத்திலும் அவளால் விட முடியவில்லை.

ஐப்பசியில் ஆனி ரோஸ் நெஞ்சுவலியில் போய்விட்டாள். சவப்பெட்டியின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் பாத்திமா மேரி. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. தேவசகாயம் அவசரமாகத் துண்டை நீட்டினார்.

"தொடச்சுக்க பாத்திமா, வாய்க்குள்ள போயிடப் போவுது. நாளைக்கு மரிய ஆல்பர்ட்டு டிராக்டர கொண்டாரேன்னுருக்கான்."

அவள் அவரைப் பார்த்தாள். துண்டைத் தள்ளிவிட்டாள். பிறகு வாயை அகலத் திறந்து, "அக்கா" என்று தெருவுக்கே கேட்கும்படி கதறி அழுதாள். கண்ணீர் நாக்கில் பட்டது. கைக்குள் குழைந்துகொண்டிருந்த பித்தளை அப்படியே இறுகிப்போயிற்று.

அவளுடைய விரல் பதிந்த கைப்பிடியோடுதான் ஆனி ரோஸைக் குழியில் இறக்கினார்கள்.